சென்னைக்குப் படிக்க வந்திருக்கிறீர்களா? ஒரு சனிக்கிழமையைப் பாரிமுனைக்குக் கொடுங்கள்

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று எங்கெங்கிருந்தோ சென்னைக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளிடம், வந்து ஒரு மாதம் ஆயிற்றே, எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். மால், பெசன்ட் நகர் பீச், தி. நகர் துணிக்கடை. நானும் பினாங்கிலிருந்து வந்து ஏழு மாதம் கழித்துத்தான் பாரிமுனைப் பக்கம் போனேன், அதுவும் பாட்டி போனில் "நான் கப்பல் ஏறின எடத்தப் பாத்தியா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்ட பிறகு. போன பிறகுதான் தெரிந்தது, நம் வீட்டுப் பெரியவர்கள் மெட்ராஸ் மெட்ராஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர் இதுதான் என்று. கோட்டை, கோர்ட், பாரிமுனை, துறைமுகம் எல்லாம் நடக்கிற தூரத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அன்றிலிருந்து எங்கள் ஹாஸ்டலுக்குப் புதிதாக யார் வந்தாலும் அழைத்துக்கொண்டு போகிறேன். ஐந்தாறு தடவை போய்ப் போய்த் திருத்திய வழி இது, அப்படியே பின்பற்றலாம்.

முதலில் நாளைக் குறியுங்கள்

சனிக்கிழமை போங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் முதல் தடவை நாங்கள் நான்கு பேர் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பைத் தவிர்த்துவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தோம், அங்கிருந்து கோயிலுக்கு ஓடினால் அங்கேயும் நடை சாத்தியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் இருக்கும், ஆனால் பாரிமுனையின் மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும், தெருவுக்கே உயிர் இருக்காது. சனிக்கிழமையானால் கோட்டைக்குள் இருக்கும் தலைமைச் செயலகத்துக்கு விடுமுறை, கூட்டமும் கெடுபிடியும் குறைவு, கடைகளோ முழு வேகத்தில் இருக்கும்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை அருமையான காலம். ஏப்ரல், மே மாதங்களில் தயவுசெய்து வேண்டாம். நம் ஊரிலும் வெயில்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே சாயங்காலம் ஒரு மழை பெய்து தணித்துவிடும், இங்கே மே மாதத்தில் அந்த மழையை எதிர்பார்க்க முடியாது.

கையில் என்ன வேண்டும்

பாஸ்போர்ட், கல்லூரி அடையாள அட்டை, இரண்டுக்கும் ஒரு நகல். கோட்டை வாசலில் போலீஸ் கேட்பார்கள். (பேச்சோடு பேச்சாக ஒன்று: உங்கள் விசா 180 நாளுக்கு மேல் என்றால், இறங்கிய 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் பதிவை ஆன்லைனில் முடித்துவிடுங்கள். ஊர் சுற்றுவது அதற்கப்புறம்தான்.) இந்திய வங்கிக் கணக்கு திறக்கும்வரை, இங்கே எல்லோரும் போனிலேயே காசு கொடுக்கும் யுபிஐ நமக்கு எளிதில் கிடைக்காது, அதனால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் தள்ளுவண்டிக்காரர் முகமே மாறிவிடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அருங்காட்சியகங்களில் தனிக் கட்டணம், உள்ளூர்க்காரர் கட்டணத்தைவிடப் பல மடங்கு. நாமும் தமிழர்தானே என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை, அந்தக் காசை ஒதுக்கிவிட்டே கிளம்புங்கள். தண்ணீர், தொப்பி, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. கழிப்பறைக்கு மெட்ரோ ஸ்டேஷன்களை நம்பலாம், தெருவில் தேடி அலைய வேண்டாம்.

காலை ஏழு மணி: திருவல்லிக்கேணி

நேராகக் கோட்டைக்குப் போனால் ஒன்பது மணிக்கு முன்னால் ஒன்றும் திறந்திருக்காது. அதனால் திருவல்லிக்கேணியில் ஆரம்பியுங்கள். பார்த்தசாரதி கோயில் குளக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீட்டை வாசலில் நின்றாவது பாருங்கள். 1921 செப்டம்பரில் அவர் இறந்தது இந்த வீட்டில்தான். அப்புறம் ரத்னா கஃபே. 1948-லிருந்து இருக்கும் கடை. இட்லி சொல்லிவிட்டு உட்கார்ந்தால் சாம்பார் வாளியோடு ஒருவர் வந்துகொண்டே இருப்பார், இட்லி மூழ்கும் வரை ஊற்றுவார், போதும் என்று கையைக் காட்டினால்தான் நிறுத்துவார். கரண்டியால் இட்லியை உடைத்துச் சாம்பாரோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும், சட்னியைத் தேடாதீர்கள்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போய், பீச் போகும் வண்டியில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. வண்டி அடிக்கடி வராது, இருபது நிமிடம்கூட நிற்க நேரலாம். ஆட்டோதான் வேண்டும் என்றால் ஆப்பில் பிடியுங்கள். நம் பேச்சை வைத்தே வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், "சிலோனா, மலேசியாவா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் வாடகையும் அதற்கேற்பத்தான் இருக்கும். பெண்கள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் டிக்கெட் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாம் வெளிநாட்டு மாணவியாயிற்றே என்று தயங்க வேண்டாம், ஏறுங்கள்.

ஒன்பதரை: கோட்டை

புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டே இடங்களைப் பாருங்கள், மற்றதெல்லாம் அரசு அலுவலகம். படம் எடுக்கலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுவிட்டே எடுங்கள்.

முதலில் அருங்காட்சியகம். 1790-களில் வணிகர்களின் சந்தைக் கூடமாகக் கட்டிய கட்டடம் இது. 1796-இல் மெட்ராஸின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது இதன் மாடியில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்று போகும் வழியில் இன்னும் இரண்டு வரும். உள்ளே பீங்கான், நாணயம், வாள், ஆளுநர்களின் ஓவியம் என்று நிறைய இருக்கின்றன, வேகமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். ஆனால் மேல்மாடியில் கண்ணாடிக்குள் இருக்கும் கொடியின் முன்னால் மட்டும் நின்று பாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் இந்தக் கோட்டையின் கொடிமரத்தில் ஏறிய கொடி அது. நிறம் மங்கிப்போயிருக்கிறது. அங்கே இருந்த அம்மா ஒருவர் பேரனிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு முன் கையைக் கூப்பினார்.

அடுத்தது புனித மேரி தேவாலயம். 1680-இல் திறந்தது, இந்தியாவிலேயே பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். பீரங்கிக் குண்டுக்குத் தாங்க வேண்டும் என்று கூரையை மரம் இல்லாமல் கல்லும் செங்கல்லுமாக, மிகத் தடிமனான வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். இங்கே முதலில் பதிவான திருமணம் எலிஹு யேல் என்பவருடையது. பின்னால் மெட்ராஸ் ஆளுநராகி, இங்கே சேர்த்த செல்வத்தில் ஒரு பங்கை அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு அனுப்பினார், 1718-இல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். யேல் பல்கலைக்கழகம் என்கிறோமே, அதுதான். ராபர்ட் கிளைவின் கல்யாணமும் 1753-இல் இங்கேதான் நடந்தது.

தேவாலயத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் முற்றம். நடக்கிற தரையெல்லாம் கல்லறைக் கற்கள். பழைய இடுகாட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே பதித்தவை. லத்தீன், போர்த்துகீசியம், ஆங்கிலம் என்று எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன, விரல் வைத்தால் நுனி உள்ளே இறங்குகிறது, மழைத் தண்ணீர் தேங்கிச் சில எழுத்துகளில் பாசி பிடித்திருக்கிறது. 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் இருக்கிறது, இந்தியாவில் கிடைக்கும் ஆங்கிலேயக் கல்லறை எழுத்துகளில் மிகப் பழையது. ஆண்டைப் படித்துவிட்டு அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு நடங்கள், மேலே மிதிக்க மனசு வராது.

பதினொன்று: கோர்ட் சுவர் ஓரமாக

கோட்டையிலிருந்து வடக்கே நடந்தால் சிவப்புக் கோபுரங்களோடு உயர் நீதிமன்றம். 1892-இல் கட்டி முடித்தது. உள்ளே சுற்றிப் பார்க்கப் பொதுமக்களை எளிதில் விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தாலே போதும். வளாகத்துக்குள் தனியாக நிற்கும் உயரமான தூண் 1844-இல் ஏற்றிய இரண்டாவது கலங்கரை விளக்கம். நீதிமன்றத்தின் பெரிய கோபுர உச்சியில் இருக்கும் விளக்கு மூன்றாவது, 1894 முதல் 1977 வரை எரிந்தது. பாட்டி கப்பலில் இருந்து கடைசியாகப் பார்த்த வெளிச்சம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நான்காவது மெரினாவில் நிற்கிறது, அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே பினாங்குப் பிள்ளைகளுக்கென்று ஒரு கதை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இந்தக் கடற்கரைக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள் என்பார்கள். ஒரு குண்டு விழுந்த இடத்துக்கு அடையாளமாக நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. ஆளைப் பார்த்து "சரியான எம்டன்" என்று சொல்கிறோமே, அந்த வார்த்தை பிறந்தது அன்றைக்குத்தான். சின்ன வயதில் பாட்டி என்னைத் திட்டும்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்வார், ஒரு கப்பலின் பெயர் அது என்று இங்கே வரும்வரை எனக்குத் தெரியாது. அதே கப்பல் அடுத்த மாதம், அக்டோபர் 28 விடியற்காலையில், பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் இறந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறை இன்றும் பினாங்கில் இருக்கிறது, பள்ளியில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அந்தக் கல்லறையையும் இந்தச் சுவரையும் என் மனசில் ஒன்றாகச் சேர்க்க இருபத்திரண்டு வயது ஆகியிருக்கிறது.

சாலையைக் கடந்தால் பாரிமுனை. 1788-இல் வந்த தாமஸ் பாரி என்ற வணிகரின் பெயர். நீங்கள் இப்போது கடந்து வந்த நீதிமன்ற நிலத்தில்தான் ஒரு காலத்தில் பழைய ஊர் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் கோட்டையைப் பிடித்து மூன்று ஆண்டு வைத்திருந்தார்கள். அதற்கப்புறம், கோட்டைக்கு எதிரில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்துகொள்வான் என்று ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தள்ளிவிட்டார்கள், சென்ன கேசவப் பெருமாள் கோயில் உட்பட. கோயில் பிறகு பூக்கடைப் பக்கம் எழுந்தது, இன்றும் பட்டணம் கோயில் என்கிறார்கள். இதற்கு மேல் வீடு வரக்கூடாது என்று 1773-இல் நட்ட எல்லைத் தூண்கள் ஆறில் மிச்சம் இருக்கும் ஒன்று பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இருக்கிறது. துரத்தப்பட்ட மக்கள் வடக்கே போய்க் கட்டிக்கொண்டதுதான் இனி நாம் நடக்கப் போகும் ஜார்ஜ் டவுன்.

பன்னிரண்டுக்குள்: அரண்மனைக்காரன் தெரு

நம் பினாங்கிலும் ஒரு ஜார்ஜ் டவுன், அங்கே ஒரு ஆர்மேனியன் தெரு. சென்னையிலும் அப்படியே. பெயர் தந்த ராஜாதான் வேறு. பினாங்குக்கு மூன்றாம் ஜார்ஜ், இங்கே 1911-இல் முடிசூடிய ஐந்தாம் ஜார்ஜ். ஆர்மேனியன் என்ற சொல் நம் ஆட்கள் வாயில் உருண்டு அரண்மனைக்காரன் தெரு என்று ஆகிவிட்டது. அரண்மனையைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று அங்கே இல்லை.

தெருவில் நெரிசலுக்கு நடுவே ஒரு கனமான மரக்கதவு. அதைத் தாண்டினால் ஆர்மேனியத் தேவாலயம், 1772-இல் எழுந்தது. உள்ளே அப்படி ஒரு அமைதி. மரநிழலில் கல்லறைக் கற்கள், சுருண்டு சுருண்டு போகும் ஆர்மேனிய எழுத்துகள், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் 1794-இல் வெளிவந்தது ஆர்மேனியாவில் இல்லை, இதே மெட்ராஸில். அதை நடத்திய ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இங்கேதான் உறங்குகிறார். பினாங்கு ஈ அண்ட் ஓ ஹோட்டலைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்களும் ஆர்மேனியர்கள்தான் என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். சொந்த ஊரை விட்டுக் கடல் தாண்டிப் போனவர்கள் எங்கே போனாலும் அச்சுக்கூடமும் கோயிலும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நம் ஆட்கள் மாதிரியே. இங்கே அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள்.

அங்கிருந்து பக்கத்துத் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே அரைமணி என்றால் அரைமணிதான், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1677-இல் மராட்டிய மன்னர் சிவாஜி வந்து வணங்கினார் என்று சொல்கிறார்கள். பாரதியார் அடிக்கடி வந்த கோயில்.

மதியம்

பசி எடுத்துவிடும். மண்ணடிப் பக்கம் பிரியாணிக்குக் குறைவில்லை, சைவம் என்றால் பாரிமுனை மெஸ்களில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். கூட்டம் நிறைய இருக்கும் கடையில் உட்காருங்கள், எனக்கு இதுவரை அது பொய்த்ததில்லை.

சாப்பிட்ட பிறகு இரண்டு வழி. வெயில் தாங்காது என்றால் மண்ணடி மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூர் போய் அரசு அருங்காட்சியகத்தில் சோழர் வெண்கலங்களைப் பாருங்கள். 1851-இல் தொடங்கியது, திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். தெம்பு இருந்தால் தெருவிலேயே சுற்றுங்கள், நான் சொல்வது இதைத்தான். ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்தும் பூஜைச் சாமானும், கோடவுன் தெருவில் துணி. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் வசம்பும் கற்பூரமும் எங்கே ஆரம்பிக்கின்றன என்று மூக்கே சொல்லிவிடும். தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, தலைச்சுமைக்காரர்களுக்கு எப்போதும் வழி விடுங்கள். "ஓரம், ஓரம்" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் முதலில் ஒதுங்குங்கள். நடுத்தெருவில் நின்று செல்ஃபி வேண்டவே வேண்டாம், அவர்கள் முதுகில் ஐம்பது கிலோ இருக்கும்.

ஐந்து மணி: பர்மா பஜார்

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்களுக்காக உருவானது இந்தக் கடை வரிசை. செல்போன் சாமான்கள் வாங்குவதானால் உங்கள் சாமர்த்தியம். நான் போவது அத்தோ என்ற பர்மா நூடுல்ஸுக்காக.

பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கத் தெருவில் சாயங்காலம் வண்டிகள் வரிசையாக வந்துவிடும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பொரித்த தட்டை), கொத்தமல்லி என்று ஒவ்வொன்றாக எறிந்து, கையாலேயே நான்கு பிசை பிசைவார்கள். சூடு என்று ஒன்றும் இருக்காது, ஆனால் காரமும் புளிப்பும் சேர்ந்து காது வரை ஏறும். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் வைத்துத் தரும் முட்டை மசாலாவையும் விடாதீர்கள். வயிறு இன்னும் சென்னைக்குப் பழகவில்லை என்றால் முதல் தடவை பாதித் தட்டோடு நிறுத்துங்கள். வண்டிக்காரர் ஒருவரிடம் நான் பினாங்கு என்றதும், "எங்கப்பா ரங்கூன்லேந்து வந்தாரும்மா, உங்க தாத்தா அங்கயே தங்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, சூப்பைக் கேட்காமலே நிரப்பினார்.

கடைசியாக: பீச் ஸ்டேஷன்

ராஜாஜி சாலையில் துறைமுகச் சுவருக்கு எதிரே 1884-இல் கட்டிய தலைமைத் தபால் நிலையம், சிவப்புச் சிவப்பாக நிற்கும். துறைமுகத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். ஆனால் இந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் ரஜூலா கப்பல் 1926 தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பலும் நின்றுபோனது. பாட்டி பதினெட்டு வயதில், கல்யாணமாகி மூன்றே மாதத்தில், ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியுமாக ரஜூலாவின் மேல்தளத்தில் ஏறியிருக்கிறார்.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வீடியோ கால் போடுங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே போடுவீர்கள். மலேசிய நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, ஆகவே ஆறரைக்குள் கூப்பிட்டால் தூங்கியிருக்க மாட்டார்கள். நான் கூப்பிட்டபோது பாட்டி கேட்டது ஒன்றுதான், "அந்தச் செவப்புக் கட்டடம் இன்னும் இருக்கா?" போனைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தாம்பரம் வண்டி வந்து நின்று கிளம்பிவிட்டது, அடுத்ததில்தான் ஏறினேன்.

ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று பார்த்து ஏழரைக்குள் வண்டி ஏறுங்கள். இங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கும். பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்பதைப் பிளாட்பாரத்தில் யாரையாவது கேட்டு அங்கேயே நில்லுங்கள், வண்டி வந்த பிறகு ஓட வேண்டியிருக்காது.